அப்பாவைப் பார்க்க வந்தவர்கள்

என் அப்பாவின் குரல் மூன்று மணி நேரம் தாமதமாக வருகிறது. காலை ஏழு மணிக்கு அவர் வாயசைத்து “காபி” என்றால், பத்து மணிக்கு அவரிடமிருந்து “காபி” என்று சத்தம் வரும். அப்போது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம், குளித்துக்கொண்டிருக்கலாம், பிள்ளையார் கோவிலில் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருக்கலாம். குரலுக்கு அதைப் பற்றிக் கவலை கிடையாது.

காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டினேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஐயா எங்கே வேலை பார்த்தார் என்று கேட்டார். ஜங்ஷனில் ரயில் அறிவிப்பாளர், முப்பது வருஷம் என்றேன். “சரி” என்று எழுதிக்கொண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம் போட ஒரு மாத்திரை கொடுத்தார். அப்பா அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார். இரண்டு வருஷமாயிற்று.

எனக்கு இதில் பெரிய தொந்தரவு ஒன்றும் இருக்கவில்லை. நான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். காலை ஆறரை பஸ்ஸுக்குப் போய் சாயங்காலம் வருவேன். அப்பா காலையில் கேட்பதையெல்லாம் ஒரு குத்துமதிப்பாகச் செய்து வைத்துவிட்டுப் போவேன். சில நாள் காபி கேட்டவருக்குக் கஞ்சி கிடைக்கும். அதற்கென்ன, வயதானவர்களுக்குக் கஞ்சி நல்லதுதான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு லீவு நாள், காலை பத்து மணிக்கு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். எனக்கு எப்படித் தெரியும்? நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அவரே தட்டுத்தடுமாறி எழுந்து, வேட்டி மாற்றி, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு மணிக்கு ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “ஐயோ திலகா! விழுந்துட்டேன்!” என்று அவரிடமிருந்து அலறல் வந்தது. இரண்டு பேரும் குளியலறைக்கு ஓடினோம். அப்பா எனக்கு முன்னால் ஓடினார்.

அன்றைக்கே மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்தேன். கூப்பிட்டால் மூன்று மணி நேரம் கழித்துக் கேட்கிற மனுஷனை எப்படித் தனியாக விடுவது? அந்த லீவும் முடிந்து, திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தாக வேண்டும் என்று கடிதம் வந்துவிட்டது. புனேயில் இருக்கும் அண்ணன் இளவழகன், “ஒரு நல்ல முதியோர் இல்லம் பாத்து வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள ஆள் அமையலேன்னா திங்கட்கிழமை கார் வரும்” என்று போனில் சொன்னான். அந்த இல்லத்தில் காலையும் மாலையும் பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட உடனே “உள்ளேன்” சொல்லாதவர்களைப் பின்கட்டில் வைத்துவிடுவார்கள். அண்ணன் அனுப்பிய காகிதத்தில் மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அப்பா அந்தப் பக்கத்தைப் படித்து, மடித்து, தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.  மூன்று மணி நேரம் காத்திருந்து பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. 

எங்கள் ஊரில் வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால் தரகர் பொன்னுரங்கத்திடம்தான் சொல்ல வேண்டும். முதலில் நோயாளியின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்து அனுப்புவோம். அது பொருந்தியிருந்தால் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் குடும்பத்தோடு நோயாளியைப் பார்க்க வருவார்கள். நாம் பஜ்ஜி, கேசரி செய்து வைக்க வேண்டும். நோயாளி தலையைக் குனிந்தபடி காபித் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓரமாக உட்கார வேண்டும். அவர்கள் பேர் கேட்பார்கள், நடக்கச் சொல்வார்கள், பாடத் தெரியுமா என்பார்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்று கிளம்பிவிடுவார்கள். சொல்லி அனுப்பினால் உண்டு.

முதலில் வந்தவர்கள் சொல்லி அனுப்பவில்லை. தப்பு என்னுடையதுதான், நான் எதையும் ஏற்பாடு செய்து வைக்கவில்லை. அவர்கள் எட்டுக் கேள்வி கேட்டார்கள். அப்பா எட்டுக்கும் மரியாதையாக வாயசைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது, வந்திருந்த அம்மாள், “ஊமைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் போய் வெகு நேரம் கழித்து, காலி நாற்காலிகளைப் பார்த்து அப்பாவின் குரல் ஒவ்வொரு பதிலாகச் சொல்லியது. எவ்வளவு அழகான பதில்கள்! “உங்களுக்கு வசதிப்படற நேரத்துல நான் குளிச்சுக்கறேம்மா” என்றுகூட ஒன்று வந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

அதனால் இரண்டாவதாக வருகிறவர்களுக்கு நான் கணக்குப் போட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு வருகிறார்கள், நாலரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் பேசி முடிக்க வேண்டும் என்று தரகர் சொல்லியிருந்தார். அப்படியானால் அப்பா பன்னிரண்டரைக்கே பதில் சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டரைக்கு அப்பாவைக் கூடத்தில் உட்கார வைத்து, கையில் கேள்வித்தாளோடு எதிரே நின்றேன். இரண்டு நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. முதலில் வரவேற்பு, அப்புறம் பேர், வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், சாப்பாடு, வேலை, பிள்ளைகள், பாட்டு. அப்பா மைக் பிடித்து வளர்ந்தவர். ஒரு பதிலுக்கும் தடுமாறவில்லை. சத்தம்தான் வரவில்லையே தவிர, வாயசைப்பைப் பார்த்தாலே மணியாக இருந்தது.

“அவங்க வந்ததும் நீங்க பேச வேண்டாம், தலையைக் குனிஞ்சுக்குங்க. வாய் அசையலேங்கறது தெரியாது” என்றேன். அப்பா அப்போதே குனிந்து காட்டினார். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் உட்கார்ந்த பெண்கூட அவ்வளவு பாந்தமாகக் குனிந்திருக்க மாட்டாள். கடைசிக் கேள்வி முடிந்ததும் நான் எண்ணெய் காய்ந்துவிட்டதா என்று பார்க்க அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது அப்பாவின் வாய் அசைந்துகொண்டிருந்தது. மந்திரம் ஏதாவது சொல்கிறாராக்கும் என்று விட்டுவிட்டேன்.

மூன்று இருபத்தைந்துக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பார்த்துக்கொள்ளப் போகிறவள் பேர் வேம்பு, நாற்பது வயதிருக்கும். கூட அவள் அம்மா பவுனம்மாள், தாய்மாமன். நான் வாசலுக்குப் போய் “வாங்க வாங்க” என்றேன். யாரும் வரவில்லை. தாய்மாமன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

“மூணு பேரா வந்துட்டோமே” என்றார்.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராக எப்படிப் படியேறுவது? தரகர் நாலாவது ஆளாக வருவதாக இருந்ததாம். அவருக்கு வேறு தெருவில் வேறு நோயாளியைப் பார்க்கிற இடம் வந்துவிட்டதாம். நான் சரியென்று நாலாவதாக நின்றுகொள்ளலாமா என்று கேட்டேன். வீட்டு ஆளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று பவுனம்மாள் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டில் ஆள் இல்லை. இஸ்திரி வண்டிக்காரர் பெட்டி சூடாக இருக்கிறது என்றார். அவர்கள் தெருவில் நின்று யோசித்தார்கள்.

 உள்ளே கூடத்தில், மூன்றரை மணிக்கு டாணென்று அப்பாவின் குரல் கணீரென்று ஆரம்பித்துவிட்டது. “வாங்க, வணக்கம், உக்காருங்க.” கொஞ்சம் கழித்து, “ஏகாம்பரம்.” கொஞ்சம் கழித்து, “எழுபத்தாறு.” காலி நாற்காலிகளுக்குச் சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம் எல்லாம் சொல்லப்பட்டது. இங்கே தாய்மாமன் ஆட்டோக்காரரிடம் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தார். கடைசியில் ஆட்டோக்காரர் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, முகம் கழுவத் தண்ணீர் கேட்டார். நால்வரும் வலது காலை எடுத்து வைத்து உள்ளே வந்து உட்காரும்போது மூன்று நாற்பத்திரண்டு. ஆறு பதில்கள் வீணாகப் போயிருந்தன.

அப்பா காபித் தட்டை வைத்துவிட்டுக் குனிந்து உட்கார்ந்தார்.

“ஐயா பேரு?” என்று தாய்மாமன் கேட்டார்.

“காலையில ரெண்டு இட்லி. சட்னி நல்லா இருந்தா மூணு” என்றது அப்பாவின் குரல்.

தாய்மாமன் தலையசைத்தார். “வயசு?”

“முப்பது வருஷம். ஒரு நாள்கூட லேட் கிடையாது.”

“சக்கரை உண்டுங்களா?”

“ஒரு பையன், ஒரு பொண்ணு. பையன் போன்ல இருக்கான். பொண்ணுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.”

எனக்கு முகம் சுட்டது. அதை நான் சொல்லச் சொல்லவே இல்லை. வாயசைப்பு மட்டும் பார்த்தால் இப்படித்தான், மணியாகத்தான் தெரியும்.

ஆட்டோக்காரர் தன்னையும் மதித்து உட்கார வைத்திருக்கிறார்களே என்று, “பாத்ரூம் உள்ளயா, வெளியவா?” என்று கேட்டார்.

“பாடுவேன். முன்ன மாதிரி இழுக்க முடியாது” என்றது குரல்.

யாரும் சிரிக்கவில்லை. ஆட்டோக்காரர்கூட “நல்லதுங்க” என்றார்.  கேள்வித்தாளைத் தட்டுக்கு அடியில் மறைத்துப் பிடித்தபடி பஜ்ஜியைக் கொண்டுபோனேன். வேம்புவுக்கு நேராகத் தட்டை நீட்டி வாய் திறப்பதற்கு முன்பே அவள், “ஒண்ணு போதுங்க்கா, உப்பு சரியா இருக்கு” என்றாள். இன்னும் எடுக்கவே இல்லை. அதே நேரம் அப்பாவின் குரல், “திலகா, பஜ்ஜி மாவுல உப்பு பாத்தியா?” என்றது. பவுனம்மாள் மகளின் முழங்கையை இடித்தாள். அவசரப்படாதே என்கிற மாதிரி ஒரு இடி.

அப்புறம்தான் கவனித்தேன். யாராவது பேசி முடித்ததும் பவுனம்மாள் முந்தானைக்குள் குனிந்து பார்ப்பாள். பிறகு மகளை இடிப்பாள். உடனே வேம்பு பேசுவாள். பவுனம்மாள் பஜ்ஜிக்குக் கை நீட்டியபோது முந்தானையிலிருந்து ஒரு காகிதம் என் காலடியில் விழுந்தது. எடுத்தேன். எடுத்தால் படிக்காமல் இருக்க நான் என்ன சன்னியாசியா?

கணக்கு நோட்டுத் தாள். மேலே “பன்னிரண்டு நாற்பத்திரண்டு” என்று நேரம் போட்டிருந்தது. அதன் கீழே, “மாமா: ஐயா பேரு? ஐயா: காலையில ரெண்டு இட்லி” என்று ஆரம்பித்து ஒன்றுவிடாமல் இருந்தது. ஆட்டோக்காரரின் கேள்விக்கு எதிரே மட்டும் “யாரோ ஒருத்தர்” என்று எழுதியிருந்தது.

பவுனம்மாள் என்னைப் பார்த்தாள். நான் தட்டுக்கு அடியில் இருந்த என் தாளை எடுத்து அவளிடம் கொடுத்தேன். அவள் படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள்.

“இவளுக்குக் காது மூணு மணி நேரம் முந்திங்க. இப்ப நாம பேசினதெல்லாம் மதியமே கேட்டுடுச்சு. இவ சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டு வந்தேன். வேற ஒரு குறையும் கிடையாது. குக்கரை மட்டும் இவ கையில குடுத்துடாதீங்க. விசில் வர்றதுக்கு முன்னாடியே எறக்கிடறா.”

“எங்க அப்பாவுக்குக் குரல் மூணு மணி நேரம் பிந்தி” என்றேன்.

“அது தெரியுது” என்றார் தாய்மாமன்.

ஆக, இவர்கள் இட்லியும் பாட்டும் மதியமே தெரிந்து, எழுதி, மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டோ பிடித்திருக்கிறார்கள். தெரிந்தே வந்திருக்கிறார்கள். இதை நினைத்ததும் எனக்கு அந்த மூன்று பேரையும், கணக்குக்கு வந்த நாலாவது ஆளையும் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. காகிதத்தில் மிச்சம் ஐந்து வரி இருந்தது. அடுத்த வரியில் என் கண் போவதற்கும் அப்பாவின் குரல் வருவதற்கும் சரியாக இருந்தது. நான் எண்ணெய் பார்க்கப் போனபோது அவர் தனியாகச் சொன்னது அது.

“இவங்களும் வேண்டாம்னுட்டா நான் அந்த இல்லத்துக்கே போயிடறேம்மா. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் உன் வேலை போகக் கூடாது.”

அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. காதின் நுனி மட்டும் சிவந்திருந்தது. காகிதத்தில் அடுத்த வரி, “திலகா: அழுகை” என்று இருந்தது. அதற்குள் எழுத்துகள் கலங்கிவிட்டன. எழுதியிருக்கிறதே என்பதற்காக இல்லை, உண்மையாகவே தேம்பித் தேம்பி அழுதேன். பவுனம்மாள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி, நனையாமல் எட்டத்தில் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அப்பா தலையை நிமிர்த்தினார். என் கட்டளையை மீறி வேம்புவைப் பார்த்து வாயசைத்தார். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இருக்கட்டுங்கய்யா. தெனம் சாயங்காலம் எண்ணெய் தேச்சு நீவி விடறேன். இதுக்குப் போயி யாராச்சும் வெக்கப்படுவாங்களா?” என்றாள் வேம்பு.

பவுனம்மாள் காகிதத்தைப் பார்த்தாள். “இந்தப் பதில் இருக்கு. இதுக்குக் கேள்விதான் இல்ல” என்றாள். மதியத்திலிருந்து அந்த ஒரு இடம்தான் அவளுக்குப் பிடிபடவில்லையாம்.

தாய்மாமன் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தைந்து. விரல் விட்டு எண்ணினார். “ஐயா இப்ப சொன்னது ஏழடிக்க அஞ்சு நிமிஷத்துக்குத்தான் சத்தமா வரும். அது இவளுக்கு இப்பவே கேட்டுடுச்சுன்னா, ஏழடிக்க அஞ்சு நிமிஷத்துக்கு இவ ஐயா பக்கத்துல இருக்கா. அப்ப முடிவாயிடுச்சு” என்றார். இதுவும் காகிதத்தில் இருந்தது. இருந்தாலும் ஒரு பெரியவர் வாயால் சொல்ல வேண்டும் அல்லவா?

ஆட்டோக்காரர் எழுந்து போய்ப் பின்சீட்டிலிருந்து வேம்புவின் பையைக் கொண்டுவந்து வைத்தார். துணிமணி, சோப்பு டப்பா, நல்லெண்ணெய் பாட்டில் எல்லாம் மதியமே கட்டியாகிவிட்டது. ராகு காலத்துக்குள் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். போகும்போது பவுனம்மாள் அப்பாவின் தலையில் பூ வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு சட்டைப் பையில் வைத்தாள். மூவராகப் படி இறங்கக் கூடாதென்று ஆட்டோக்காரர் மட்டும் முன்னாலேயே இறங்கிப் போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏழு அடிக்க ஐந்து நிமிஷத்துக்கு அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வேம்பு கீழே உட்கார்ந்து அவர் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாய் மூடியிருந்தது. குரல் வந்தது.

“விழுந்ததுலேருந்து வலது கால் வலிக்குதும்மா. திலகாகிட்ட சொல்லல. அவளுக்கு மூணு மணி நேரம் கழிச்சுத்தானே கேக்கும், அதுக்குள்ள சரியாயிடும்னு இருந்துட்டேன்.”

இரண்டு மாதமாக! நான் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். வேம்பு நிமிரவில்லை. அந்தத் திட்டு அவளுக்கு நாலு மணிக்கே கேட்டுவிட்டது.

அண்ணனுக்குப் போன் செய்து கார் வேண்டாம் என்றேன். அவன் அப்பாவிடம் கொடு என்றான். கொடுத்தேன். அப்பா என்னவோ சொன்னார். வேம்பு களுக்கென்று சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அண்ணன் “ஹலோ, ஹலோ” என்று கொஞ்ச நேரம் சொல்லிவிட்டு வைத்தான். அப்பா என்ன சொன்னார் என்று நான் அவளிடம் கேட்கவில்லை. பெரிய மனுஷர் பெரிய மனுஷனிடம் சொன்னது.

திங்கட்கிழமை காலை ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பினேன். வேம்பு செய்ய வேண்டிய வேலைகளில் குக்கர் தவிர மற்ற எல்லாவற்றையும் எழுதி அலமாரியில் ஒட்டியாயிற்று. வாசலில் செருப்பு மாட்டும்போது அப்பா கதவருகே வந்து நின்று வாயசைத்தார். இரண்டு வருஷமாக இப்படித்தான் தினமும் வந்து நின்று ஏதோ சொல்வார். நான் கையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அது ஒன்பதரைக்கு, கேட்க வேறு ஆளில்லாத வீட்டில் வந்திருக்கும். லீவு நாட்களில் அவர் வாசலுக்கு வந்ததில்லை, அதனால் எனக்கு அது என்னவென்றே தெரியாது.

“தலையை வாரின லட்சணத்தைப் பாருங்கறாரு. பின்னாடி வகிடு கோணலா இருக்காம்” என்றாள் வேம்பு.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்க் கண்ணாடி முன்னால் நின்றேன். பின்னால் விரலால் தடவிப் பார்த்தால் கோணலாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அந்தக் கோணல் வகிட்டோடு போய்த்தான் கணக்கு சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அந்த மனுஷரும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.  நேராக வகிடு எடுத்து வாரிக்கொண்டு திரும்பிவந்து அப்பாவிடம் தலையைக் காட்டினேன். அவர் ஏதோ சொன்னார்.

“இப்ப சரியாம்” என்றாள் வேம்பு.

ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன்.

ஒன்பதரைக்கு முதல் பீரியட். பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்துச் சாக்பீஸைக் கையில் எடுத்து, பலகையில் வட்டத்தின் பரப்பளவுக்கு ஒரு கணக்கு எழுதினேன். எழுத்து விழவில்லை. புது சாக்பீஸ் எடுத்து எழுதினேன், அதுவும் விழவில்லை. முன்வரிசைப் பெண் கடிகாரத்தைப் பார்த்து, “பன்னெண்டரைக்கு வரும், டீச்சர்” என்றாள். பிள்ளைகள் நோட்டை மூடி வைத்தார்கள்.

பன்னிரண்டரைக்கு அந்த வகுப்பில் தமிழையாவின் பீரியட். நான் ஆசிரியர் அறைக்குப் போய், பலகையில் வலது பக்கம் கொஞ்சம் இடம் விட்டு எழுதும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சரி என்றார். அப்படியே தரகர் பொன்னுரங்கத்துக்கும் ஒரு போன் போட்டு, என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கு வீட்டு மஞ்சள் போதுமா, கடை மஞ்சள்தான் வேண்டுமா என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.